முதல் குழியின் வாய்

மூடினோமா, மூடலையா? ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக்கு வண்டியின் லீவரைப் பிடித்தபடி நின்றிருந்த சென்னியப்பனுக்கு இந்தக் கேள்வி எப்போது தலைக்குள் புகுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பத்து மணிவாக்கில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான், பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது, அப்போதுதான் புகுந்திருக்க வேண்டும். தினமும் அந்நேரத்துக்கு வந்துவிடுகிற சோமோ இன்றைக்கு வரவில்லை. நாலு வயசுப் பிள்ளை. கன்னம் ரெண்டும் குளிர்காற்றில் வெடித்துச் சிவந்திருக்கும், மூக்கு எந்நேரமும் ஒழுகும், வந்து நின்று கையை நீட்டும். வாயைத் திறந்து கேட்காது. நீட்டும், அவ்வளவுதான், கப்பம் வாங்க வந்த மகாராணி கணக்காக. வராவிட்டால் என்ன இப்போ? பிள்ளைகள் தோணினால் வரும், தோணாவிட்டால் எங்கேயாவது ஆட்டுக்குட்டி பின்னால் ஓடும், இதற்கெல்லாமா ஒரு மனுசன் கவலைப்படுவான் என்று தன்னையே அதட்டிக்கொண்டான். அதட்டி முடிப்பதற்குள் நினைப்பு பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போய் நின்றுவிட்டது, முதல் குழியின் வாயில். ஆறரை அங்குல அகலம், நானூறு அடி ஆழம், சொட்டுத் தண்ணீர் கிடையாது. அஞ்சு நாளைக்கு முன்னால் சாயங்காலம் மேலே இறக்கியிருந்த இரும்புக் குழாயை உருவி எடுத்துக்கொண்டு வண்டியைக் கீழே கொண்டுவந்தார்களே, அப்போது அதை மூடினோமா, மூடலையா?

இப்போது இறங்கிக்கொண்டிருப்பது ரெண்டாவது குழி. ஊருக்குக் கீழே, வறண்டுபோன ஓடைக்கரையில். பதினாலாவது ராடு ஏறிவிட்டது, ராடுக்கு இருபது அடி, எதிரே குழியிலிருந்து வெள்ளைப் புழுதி புஸ்ஸென்று எழும்பிக் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. சத்தத்தில் காது அடைத்துக் கிடந்தது. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பின வண்டி இது. இந்தியாவில் இது குழி போடாத சீமை எது? ஆனால் இப்படி ஒரு இடத்துக்கு வரும் என்று அந்த மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரர்கூட நினைத்திருக்க மாட்டார். லடாக்கின் கிழக்குக் கோடி, பதினாலாயிரத்து எண்ணூறு அடி உயரம், திபெத்திலிருந்து ஒரு காலத்தில் எல்லை தாண்டி வந்தவர்களின் குடியிருப்பு, மொத்தம் முப்பது வீடு, ஒரு சின்னப் பள்ளிக்கூடம், பெண் துறவிகள் நாலு பேர் இருக்கிற ஒரு மடம். அவ்வளவுதான். மீதி முழுக்க மலையும் வானமும். என்ன வானம் அது! நம்ம ஊரில் வானம் எங்கேயோ மேலே இருக்கும், அதுபாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும். இங்கே அது தோள்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. நீலமா அது, நீலம் கறுத்துப்போய், நடுப்பகலில் நட்சத்திரம் தெரியுமோ என்று பயமாக இருந்தது. வந்த முதல் நாள் வண்டியை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தவன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டான். டிரைவர் பொங்கியண்ணன் பார்த்துச் சிரித்தான். "என்றா இது, கோயிலுக்குள்ளயா நிக்கற?" பதில் சொல்ல மூச்சு வரவில்லை. இங்கே பத்து எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். கம்ப்ரசரே மூச்சு வாங்குகிறது, மனுசன் எம்மாத்திரம். ஊரில் ஒரு மணி நேரத்தில் போகிற ஆழத்துக்கு இங்கே அரை நாள் ஆகிறது. இந்தக் குழியில் தண்ணி வராவிட்டால் அவ்வளவுதான், இன்னும் ஒரு வாரத்தில் கணவாயில் பனி மூடிவிடும், வண்டி இறங்கியாக வேண்டும்.

பொங்கியண்ணனைக் கேட்கலாம் என்றால் அவன் இங்கே இல்லை. மலைக் காய்ச்சலோ என்னவோ, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று முந்தாநாள் ஜீப்பில் போட்டு லேவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன்தான் சொன்னான், சொன்னானா? "நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படு." அந்தச் சாயங்காலம் சென்னியப்பனுக்குத் தலை கல்லாகக் கனத்தது, ரெண்டு தரம் வாந்தி எடுத்தான், குழாயை உருவும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பொங்கியண்ணன் சொன்னது குழியைப் பற்றியா, டீசலைப் பற்றியா, சோற்றைப் பற்றியா? அது நினைவில்லை. ஆனால் மூடின ஞாபகம் ஒன்று இருக்கிறது, நல்லா இருக்கிறது, கண்ணை மூடினால் தெரிகிறது. இரும்புத் தகட்டை ரெண்டு கையாலும் தூக்கி வந்து வாயில் வைத்து, மேலே ஒரு பாறாங்கல்லை உருட்டி ஏற்றி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து. கை வலித்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. அப்பாடா என்று விட்டான். ஒரு நிமிசம்தான். அந்த ஞாபகத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு ஓரமாக வேப்பமரம் நின்றது. நிழல்கூட விழுந்திருந்தது, தகட்டின் மேல். இங்கே ஏது வேப்பமரம்? இந்தச் சீமையில் முழங்கால் உசரத்துக்கு ஒரு செடி கிடையாது. மரத்தை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று பார்த்தான், போக மாட்டேன் என்கிறது. இருபத்திரண்டு வருசத்தில் எத்தனை குழி, எத்தனை தகடு, எத்தனை கல். எந்தக் கையால் எந்த வாயை மூடினோம் என்று யார் எழுதி வைத்தார்கள்? பக்கத்தில் ராடை மாட்டுகிற பிரகலாத்திடம் சைகையில் கேட்டான், மேலே கையைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மூடியாச்சா என்று. ஒடிசாக்காரன், நாற்பது வயசு, நல்ல உழைப்பாளி, ஆனால் எது கேட்டாலும் தலையாட்டுகிற ஆள். ஆட்டினான். இந்தச் சத்தத்தில் அவனுக்கு என்ன புரிந்ததோ. "தூங்கிட்டியா?" என்று சைகை காட்டிப் பார்த்தான் சென்னியப்பன். அதற்கும் ஆட்டினான்.

அந்த முதல் குழிக்கு எவ்வளவு மரியாதை பண்ணினார்கள் இந்த ஜனங்கள்! துளை போடுகிற பிட்டை மண்ணில் வைக்கும் முன்னால் சித்த நேரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மடத்திலிருந்து ஆனி பல்மோ வந்தார். ஆனி என்றால் பெண் துறவி. எழுபது வயசு இருக்கும், மொட்டைத் தலை, கருஞ்சிவப்புச் சீலை, நண்டுகால் மாதிரி மெலிந்த விரல்கள். தரையில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டுத் தொட்டு என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு மணி நேரம். பாலை ஊற்றினார், வாற்கோதுமையைத் தூவினார். பக்கத்தில் நின்று தேச்சென் அக்காதான் தமிழில் சொன்னாள். தேச்சென் அக்கா சோமோவின் அம்மா. பதினஞ்சு வருசமாகக் குளிர்காலம் தவறாமல் ஈரோட்டில் மணிக்கூண்டுப் பக்கம் ஸ்வெட்டர் விற்றவள், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவாள், பெரியவன் சின்னவன் பார்க்காமல் எல்லோரையும் அண்ணா என்பாள், அது கடைப் பழக்கம். "மண்ணுக்கு அடியில லூ இருக்காங்கண்ணா. தண்ணிக்குச் சொந்தக்காரங்க. இடுப்புக்குக் கீழ பாம்பு உடம்பு. அவிங்க ஊட்டுக் கூரையில ஓட்டை போடப் போறமுல்ல, அதான் முன்னாடியே சொல்லிக்கறோம்." சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. நம்ம ஊரில் அரசமரத்தடியில் மஞ்சள் பூசி உட்கார்த்தி வைத்திருக்கிற நாகர் இத்தனை மலை தாண்டி இங்கேயும் வந்து மண்ணுக்கடியில் படுத்திருக்கிறாரா! அவனும் தன் பங்குக்கு டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தான், சூடம் பற்றவைத்தான், அது இந்தக் காற்றில் நாலு தரம் அணைந்தது. ஆனி பல்மோ சிரித்துக்கொண்டே தன் சீலைத் தலைப்பால் காற்றை மறைத்துப் பிடித்தார், அஞ்சாம் தரம் பற்றிக்கொண்டது. நானூறு அடி போயும் தண்ணி இல்லை என்றானதும் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஊரில் என்றால் நம்ம பக்கம் சண்டைக்கே வந்துவிடுவார்கள், இடம் காட்டினவனை அடிக்கப் போவார்கள். இவர்கள் எத்தனை ஆழம் என்று மட்டும் கேட்டார்கள். சொன்னதும் வயசான ரெண்டு மூன்று பேர் நாக்கை வெளியே நீட்டித் தலை குனிந்தார்கள், அது இங்கே பழைய காலத்து மரியாதை. அப்புறம் ஆனி பல்மோ ஒன்று கேட்டார். தேச்சென் அக்கா அதைத் தமிழில் சொல்லத் தயங்கிச் சொன்னாள். "அதுக்கு வலிச்சிருக்குமான்னு கேக்கறாங்கண்ணா." எதற்கு? "மண்ணுக்கு." இருபத்திரண்டு வருசத்தில் இப்படி ஒரு கேள்வி அவனை யாரும் கேட்டதில்லை. சோமோ மட்டும் குழியோரம் குப்புறப் படுத்து, ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்டது. அடியில் விழுகிற சத்தம் வரவே இல்லை. அதற்கு ஒரே சிரிப்பு. இன்னொரு கல் போட்டது. தேச்சென் அக்கா காலைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

குப்புறப் படுத்து. காதை வைத்து. அது தானாக மறுபடி போய்ப் படுத்தால்? இல்லை, யோசிக்கக் கூடாது. லீவரைப் பார். புழுதியைப் பார். அதோ இன்னொரு ஆள் கல்லோடு போகிறான். காலையிலிருந்து அதையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொருத்தராக, ஓடைப் பக்கமிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறுகிறார்கள். மூணு நாளாகவே இப்படித்தான். கைப்பிடி வைத்த மந்திரச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு கிழவர் போனார், முதுகில் கம்பளிக்குள் கட்டின கல். ரெண்டு பெண்கள் தண்ணீர்த் தகரத்தை இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். தண்ணியே ரெண்டு மணி நேரம் நடந்துபோய்ப் பனிக்கட்டியை உடைத்துச் சுமந்து வருகிறார்கள், அதோடு கல் வேறயா! ஆட்டுப்பட்டிக்குச் சுவர் வைக்கிறார்களோ என்னவோ, குளிருக்கு முன்னால். மேட்டிலேயே கல்லுக்கா பஞ்சம், எங்கே பார்த்தாலும் கல்தானே, கீழே இருந்து ஏன் சுமக்க வேண்டும்? நேற்று வண்டியை நிறுத்தியிருந்தபோது டிங் டிங் என்று உளிச் சத்தம் கேட்டது, ஒருத்தன் கருங்கல்லில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தான், ஓம் மணி பத்மே ஹூம், ஊருக்குள் வருகிற வழியெல்லாம் அந்த எழுத்துக் கல் நீளச் சுவராக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதை எப்போதும் வலக்கைப் பக்கம் விட்டுத்தான் சுற்றிப் போக வேண்டும், கோயில் பிராகாரம் மாதிரி. யாராவது செத்தால் கல் வெட்டுவார்கள் என்று ஜீப் டிரைவர் சொன்னானே. செத்தால். யார் செத்தது? ஏன் எல்லோரும் மேட்டுக்கே போகிறார்கள்? சோமோ ஏன் வரவில்லை?

பிரகலாதை மேலே அனுப்பலாம். ஓடிப் பார்த்துவிட்டு வா என்றால் போவான். ஆனால் அவன் திரும்பி இறங்கி வருவானே, அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த முகம் எப்படி இருக்கும் என்று தூரத்திலிருந்தே தெரிந்துபோகுமே. அதற்கு இந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றுவிடலாம். சத்தம் ஓடுகிறவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். இப்படித்தான், சென்னியப்பா, இப்படித்தான் அன்றைக்கும் நின்றாய். ஒன்பது வருசம் ஆச்சு. வேறொரு மாநிலம், கரிசல் பூமி, ஒரு டீக்கடை. டீயை வாங்கி ரெண்டு வாய் குடித்திருப்பான், டிவியில் கூட்டம், மஞ்சள் நிற இயந்திரங்கள், பிராணவாயுக் குழாய், மூடாத குழிக்குள் விழுந்த குழந்தை, ஒரு தாய் மண்ணில் புரண்டு அழுகிறாள். அடியில் ஓடின எழுத்தில் ஊர் பேர் வந்தது. மூணு வாரத்துக்கு முன்னால் அந்த ஊரில் அவன் வண்டிதான் ரெண்டு குழி போட்டது. வேறு வண்டிகளும் போட்டிருக்கும். போட்டிருக்கும்தான். அந்தப் பக்கம் பூராவும் நம்ம ஊர் வண்டிகள்தானே. அந்த ரெண்டில் ஒன்று வறண்ட குழி, சாக்கைப் போட்டு மூடி ஒரு கல் வைத்த மாதிரி ஞாபகம், வைக்காத மாதிரியும் ஞாபகம். டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, "கெளப்பு" என்றான். "என்றா ஆச்சு?" என்று பொங்கியண்ணன் கேட்டான். "ஒண்ணுமில்ல, கெளப்புடா." அவ்வளவுதான். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று கேட்கவில்லை. யார் தோட்டம் என்று கேட்கவில்லை. ஒரு போன் போட்டால் தெரிந்திருக்கும். அவன் மகள் கோகிலவாணிக்கு அந்த வருசம் நாலு வயசு. வீட்டுக்குப் போனதும் அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள், தூக்க முடியவில்லை அவனால், கை வரவில்லை. இன்றைக்கும் டிவியில் அந்த மாதிரி செய்தி வந்தால் எழுந்து போய் மாற்றிவிடுவான். "உங்களுக்கு மட்டும் என்னவாம், ஊரே பாக்குது" என்று கலாமணி கேட்பாள், கட்டினவளுக்குக்கூட அவன் சொன்னதில்லை. அந்த ஊரின் பேர் எங்காவது பலகையில் எழுதியிருந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வான், வாயால் சொன்னதே கிடையாது. தெரியாமல் இருக்கிறவரைக்கும் அது என் குழி இல்லை என்று வாழ்ந்துவிட்டான் மனுசன். சோறு தின்றான், தூங்கினான், ஆயிரம் குழி போட்டான். தூ!

அப்போது புழுதி நின்றது. நின்றதா? வெள்ளையாய் எழும்பிக்கொண்டிருந்தது கறுத்து, கனத்து, பொத்து பொத்தென்று வாயோரத்தில் விழ ஆரம்பித்தது. பிரகலாத் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்து காட்டினான், ஈரம், தோசை மாவுப் பதம். அவன் பல்லெல்லாம் தெரிந்தது. வேறு நாளென்றால் சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இந்த நேரத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும், நிறுத்தினால் ஈர மண் ராடைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ராடும் போச்சு, பிட்டும் போச்சு, குழியும் போச்சு. இன்னும் இருபது அடி, நாற்பது அடி. தண்ணி பீய்ச்சி அடிக்கட்டும், ஊரே ஓடிவரட்டும், அந்தக் கூட்டத்தில் சோமோவும் இருக்கும், கையை நீட்டும். இருக்கும்தானே? கெளப்புடா என்று அன்றைக்குச் சொன்ன அதே குரல் இப்போதும் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கம்ப்ரசரை அணைத்தான். எஞ்சினையும் அணைத்தான். பிரகலாத் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

அமைதி என்றால் இதுதான் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. காதுக்குள் இருந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது, வடிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, ஒரு காக்கைச் சத்தம், ஒரு நாய்க் குரைப்பு, எதுவும் இல்லை. மலைகள் எல்லாம் திரும்பி அவனையே பார்க்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தனவோ. அவன் மேட்டைப் பார்த்து ஓடினான். ஓட்டம் ஏது, பத்து எட்டில் நெஞ்சு வெடித்துவிடும்போல நின்றான். வாயைத் திறந்து காற்றை இழுத்தால் வருவது காற்றாக இல்லை, வெறும் குளிர். மறுபடி பத்து எட்டு. அன்றைக்கு அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும். மறுபடி நின்றான். தெய்வமே, அர்த்தநாரீ, இங்கே மண்ணுக்கடியில் இருக்கிற பேர் தெரியாத நாகரே, அது எங்காவது விளையாடிக்கொண்டிருக்கட்டும், என் குழியில் வேண்டாம். பக்கத்தில் கல்லோடு ஏறிக்கொண்டிருந்த கிழவர், மந்திரச் சக்கரத்தை நிறுத்தாமல், இன்னொரு கையால் அவன் முழங்கையைத் தாங்கினார். அவர் முதுகில் கல், அவனுக்குத்தான் மூச்சில்லை. "சோமோ?" என்றான் அவரிடம். அவர் மேலே காட்டினார். அந்தக் கை காட்டினதில் சந்தோசமா, துக்கமா, ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினான்.

குழியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் அவன் நெஞ்சு உசரத்துக்குக் கல் குவிந்திருந்தது. தாறுமாறாகக் கொட்டின குவியல் இல்லை, ஒவ்வொரு கல்லும் இன்னொன்றின் மடியில் உட்கார்ந்திருந்தது. நடுநடுவே எழுத்து வெட்டின கற்கள், உளி பட்ட வெள்ளை இன்னும் மங்காமல். உச்சியில் ஒரு வெள்ளைத் துண்டு, கொம்பில் கட்டின கொடிகள் அஞ்சு நிறத்தில் படபடத்துக்கொண்டிருந்தன. ஏழெட்டுப் பேர் அதை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அவசரமில்லை. அந்த வரிசையின் கடைசியில், தன் உள்ளங்கைக்குக் கொள்ளாத ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, சோமோ நடந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்தது. கல்லை ஒரு கைக்கு மாற்றிவிட்டு இன்னொரு கையை நீட்டியது. சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். நாற்பத்தாறு வயசு ஆள், ஏங்கி ஏங்கி, காற்றும் போதாமல், அழுகையும் நிற்காமல். பாக்கெட்டை முழுசாக எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

தேச்சென் அக்கா பதறிப்போய் வந்தாள். "என்னாச்சுங்கண்ணா, தலை சுத்துதா? வண்டிச் சத்தம் வேற நின்னுபோச்சு." "நாங்க மூடலீங்களா அக்கா?" என்றான். "மூடலீங்கண்ணா" என்றாள். அப்புறம் திட்டுகிறாளா ஆறுதல் சொல்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் வண்டி கீழே இறங்கினதுமே பார்த்துவிட்டார்களாம். இவனையும் பொங்கியண்ணனையும் எழுப்ப வந்தால் ரெண்டு பேரும் காய்ச்சலில் கிடந்தார்களாம், பிரகலாத் எதைச் சொன்னாலும் தலையாட்டினானாம். பிள்ளைகள் நகர்த்த முடியாத கனத்தில் பலகைக்கல் மடத்தில்தான் இருந்தது, அதை யாக் மேல் ஏற்றிக் கொண்டுவர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. "அதுவரைக்கும்?" என்றான். அவள் மோவாயால் வரிசையில் சுற்றிக்கொண்டிருந்த ஆனி பல்மோவைக் காட்டினாள். "அவிங்க அது மேலயே உக்காந்துட்டாங்கண்ணா. கம்பளியைப் போர்த்திக்கிட்டு, மந்திரம் சொல்லிக்கிட்டு. எந்திரிக்கவே இல்ல. பிள்ளைகளுக்கு ஆபத்துன்னு மட்டும் இல்லீங்க. காயத்தைத் தொறந்து போட்டுட்டு எப்படித் தூங்கறதுன்னாங்க. அப்புறம் நாங்க எல்லாரும் ஆளுக்கொரு கல்லு வெக்கறோம். தண்ணி தரலைன்னா என்ன, கேட்டதுக்கு வாயைத் தொறந்துச்சில்ல? ஓடையில இருந்த கல்லுதான் வெக்கணும்னாங்க, அது தண்ணி பழகின கல்லு." ராத்திரி நீர் உறைகிற குளிரில் எழுபது வயசில் ஒரு உடம்பு அந்த வாய்மேல் உட்கார்ந்திருந்தது, அவன் கீழே மூணு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். ஆனி பல்மோ அவனைப் பார்த்துச் சிரித்தார், அன்றைக்குச் சூடத்துக்குக் காற்றை மறைத்தபோது சிரித்த அதே சிரிப்பு. குற்றம் சொல்கிற சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

கூட வந்த கிழவர் தன் கல்லை அடுக்கிவிட்டு, கீழே கிடந்த ஒன்றை எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். அதை அவன் வைத்தான். வலமாக ஒரு சுற்று சுற்றினான், இன்னொரு சுற்று, மூணாவது சுற்றில் நின்றான். "அக்கா, இவிங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. வேற எடத்துல ஒரு குழி இருக்குது. ரொம்ப தூரம். ஒன்பது வருசமாச்சு. அதுக்கும் ஒரு கல்லு இங்கயே வெச்சுரலாமுங்களா?" தேச்சென் அக்கா கேட்டாள். ஆனி பல்மோ சுற்றுவதை நிறுத்திவிட்டு அவன் எதிரே வந்து நின்றார். சின்ன உருவம், அவன் தோளுக்குக்கூட வரமாட்டார். அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார், அந்தக் கண்ணில் மலையும் வானமும் எல்லாம் இருந்தன, அவனுக்கு ஓடிப்போக வேண்டும்போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. பிறகு குனிந்து, உருண்டு வழவழப்பாக இருந்த ஒரு ஓடைக்கல்லைத் தேடி எடுத்து, அவன் சட்டைப்பையில், பிஸ்கட் இருந்த இடத்தில் போட்டு, மேலே தட்டிக்கொடுத்தார். ரெண்டு வார்த்தை சொன்னார்.

"இங்க வெக்க முடியாதாமுங்கண்ணா" என்றாள் தேச்சென் அக்கா. "அங்க போய்த்தான் வெக்கணுமாம்."

கீழே பிரகலாத் ரெண்டு கையையும் வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ராடு சிக்கியிருக்கும், சிக்காமலும் இருக்கும், போய் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சென்னியப்பன் இறங்கப் போனான். ஆனி பல்மோ பின்னாலிருந்து என்னவோ கேட்டார்.

"அது எந்த ஊருன்னு கேக்கறாங்க. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் தினமும் அதுக்காகவும் மந்திரம் சொல்லுவாங்களாம்."

அவன் திரும்பி நின்றான். எல்லோரும் காத்திருந்தார்கள், சோமோ பிஸ்கட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருசமாக வாயில் வராத அந்த ஊரின் பேரை அவன் அந்த மலைகளுக்கு நடுவே சத்தமாகச் சொன்னான்.